மாடிக்குப் போன பாத்திரங்கள்

எங்கள் தெருவில் அப்போது இரண்டு வீடுகளுக்குத்தான் தனிப் பெருமை. கோடி வீட்டில் டெலிபோன் இருந்தது. எங்கள் வீட்டு மாடியில் ஜெர்மனிக்காரி இருந்தாள். டெலிபோன் எப்போதாவதுதான் மணியடிக்கும். ஜெர்மனிக்காரியைத் தினமும் பார்க்கலாம். ஆகவே பார்க்க வருகிற கூட்டம் எங்கள் வீட்டுக்குத்தான் அதிகம். பள்ளிக்கூடத்தில் என் நடையே மாறிவிட்டது என்று பக்கத்துப் பெஞ்சுப் பெண்கள் புகார் சொன்னார்கள். மாறத்தான் செய்தது. உலகப் படத்தில் ஜெர்மனி எங்கே இருக்கிறது என்று டீச்சர் கேட்டால், எங்கள் வீட்டு மாடியில் என்று சொல்ல வாய் துடிக்கும்.

அது அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல் பேகம்பூரில் அத்தாவுக்கும், அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தோல் ஷாப்பு இருந்தது. ஆட்டுத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, ஆவாரம்பட்டையில் பதப்படுத்தி, ஆள்களை வைத்துச் செதுக்கி அனுப்புகிற தொழில். செதுக்குகிற வேலைக்கு வெளிநாட்டு மிஷின் வந்தால் சென்னைக்காரர்களுக்குச் சமமாக நிற்கலாம் என்று அத்தாவுக்கு ஆசை. மிஷின் வந்தது. கூடவே, அதைப் பூட்டி ஓட்டிக் காட்டி ஆள்களைப் பழக்கிவிட ஓர் என்ஜினீயரும், அவரோடு அவர் மனைவியும் வந்தார்கள். மதுரையில் ஏதாவது ஹோட்டலில் இருக்கட்டும் என்றார்கள் கூட்டாளிகள். அத்தா விடவில்லை. நம் ஊருக்கு வந்தவர்கள் நம் வீட்டில்தான் இருக்க வேண்டும், ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுப்பது அத்தா, அதைக் காப்பாற்றுவது அம்மா என்பதுதான் எங்கள் வீட்டில் நெடுநாள் ஏற்பாடு.

என்ஜினீயரை ஊரார் மிஷின் துரை என்றார்கள். நாடு விடுதலை பெற்றுப் பல வருஷங்கள் ஆகியிருந்தாலும், சிவப்பாக ஒருவரைக் கண்டால் துரை என்று கூப்பிடுகிற பழக்கத்திலிருந்து எங்கள் ஊர் விடுதலை பெறவில்லை. அவர் மனைவியை நாங்கள் மாடியம்மா என்றோம். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் எதையோ கவனித்துக் கேட்பவள்போல் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள். வயது என் அம்மாவைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

துரைக்கு மிஷின் இருந்தது, பொழுது போயிற்று. மாடியம்மாவுக்கு எங்கள் ஊர் இருந்தது. அதோடு அவள் பட்ட பாட்டை அப்போது நாங்கள் வேடிக்கையாகத்தான் பார்த்தோம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் அவள் கொண்டுவந்த சோப்பு நுரைக்கவே நுரைக்காது. தேய்த்துத் தேய்த்து அவளுடைய பொன்னிறத் தலைமுடி தேங்காய் நார்போல் ஆகிவிட்டது. குடிக்கிற தண்ணீர் மாட்டு வண்டியில் பீப்பாயில் வரும். வண்டிக்காரர் வருகிற நேரம் அவருக்கும் மாட்டுக்கும் மட்டுமே தெரியும். மாடியம்மா விடியற்காலையிலிருந்து குடத்தோடு மாடிப்படியில் காத்திருப்பாள். பால்காரர் மாட்டையே வாசலுக்குக் கொண்டுவந்து கறந்து கொடுப்பார். கறப்பதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிச் சைகை காட்டினாள். சோப்பு வாசம் பட்டதும் மாடு உதைத்தது. மறுநாளிலிருந்து பால்காரர் அவளைக் கண்டாலே மாட்டை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சலவைக்காரர் கதை இன்னும் பெரிது. எந்த வீட்டுத் துணி என்று தெரிவதற்காக அவர் அழியாத மசியால் ஓரத்தில் குறி போடுவார். மாடியம்மாவின் வெள்ளைக் கவுனில் கழுத்துக்குப் பின்னால் இரண்டு கோடும் ஒரு புள்ளியும். அவள் அதைக் கறை என்று நினைத்து, மறுபடி வெளுக்கக் கொடுத்தாள். அவர் குறி மங்கிவிட்டதாக்கும் என்று இன்னொரு முறை அழுத்திப் போட்டுக் கொடுத்தார். கடைத்தெருவுக்குப் போனால் பின்னால் ஒரு படை. அவள் வேகமாக நடந்தால் பிள்ளைகளும் வேகமாக நடக்கும், நின்றால் நிற்கும். தொடக்கத்தில் சில நாள் எங்கள் முற்றத்தில் வந்து உட்கார்ந்தாள். தெருப் பெண்கள் அத்தனை பேரும் வந்து சுற்றி நின்று, முடியைத் தொட்டுப் பார்த்து, கையைத் திருப்பிப் பார்த்து, பிள்ளை ஏன் இல்லை என்று என்னைக் கேட்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவள் கீழே வருவது நின்றது.

என்னைக் கேட்கச் சொன்னார்கள் என்றேன் அல்லவா. அந்த வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் நாலாம் வகுப்பு. மாடியம்மாவுக்கு இங்கிலீஷ் சொந்த மொழி இல்லை. அவளுக்குத் தெரிந்ததும் எனக்குத் தெரிந்ததும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போயிற்று. அம்மா மாடிக்குப் போகவே மாட்டாள். அந்நிய ஆண் குடியிருக்கிற இடம். அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருக்கிற கோஷா, சொந்த வீட்டு மாடியானாலும் கோஷாதான். ஆகவே அம்மாவின் வாயாக நான் ஏறி இறங்கினேன். அந்தப் பதவியில் எனக்கிருந்த மிதப்பைச் சொல்லி முடியாது.

முதல் வெள்ளிக்கிழமை அம்மா முட்டையும் தேங்காய்ப்பாலும் ஊற்றி இனிப்பாக வட்டிலப்பம் செய்து, ஈயம் பூசிய செம்புக் கிண்ணத்தில் வைத்து என்னிடம் கொடுத்தனுப்பினாள். மாலையில் கிண்ணம் திரும்பி வந்தது. பளபளவென்று துலக்கி, உள்ளே ஒன்றும் இல்லாமல். அம்மா கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதுபோல் சாய்த்தும் பார்த்தாள்.

மாமிதான் வாய்விட்டுச் சொன்னது. மாமி அத்தாவின் அக்கா. கணவர் இறந்த பிறகு பிறந்த வீட்டோடு வந்துவிட்டவர். வீட்டுச் சாவியும் வீட்டு வழக்கங்களும் அவர் இடுப்பில்தான் இருந்தன. "வெறுங் கிண்ணத்தையா குடுத்து விடுவாக? இதென்னடி இது, உறவை அத்துவிடுற மாதிரி."

பக்கத்து வீட்டிலிருந்து பண்டம் வந்தால் பாத்திரத்தைச் சும்மா திருப்புவது எங்களில் இல்லை. ஒரு சிட்டிகைச் சீனி போட்டால் போதும். இல்லாவிட்டால் ஒரு வெற்றிலை, நாலு கறிவேப்பிலை. ஏதோ ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை மாடியம்மாவுக்குச் சொல்லிவிட்டு வரும்படி அம்மா என்னை அனுப்பினாள். நான் போய்க் கிண்ணத்தைக் காட்டிச் சொன்னேன்: "எம்ப்டி நோ. குட் திங் புட். ஆல்வேஸ்." சிட்டிகைக்கு இங்கிலீஷில் என்ன என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் விட்டால் ஒன்றும் குறைந்துவிடாது என்று நினைத்தேன். மாடியம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டாள். திருப்பிச் சொல்லியும் பார்த்துக்கொண்டாள். எதையும் ஒழுங்காகச் செய்கிற பெண் அவள்.

அடுத்த முறை கிண்ணத்தில் தகர டப்பா பிஸ்கட் வந்தது. டப்பாவோடு. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் டப்பா பிஸ்கட் கொடுத்தவளுக்கு வெறும் இடியாப்பத்தைக் கொடுத்தனுப்ப முடியுமா? கோழிக் குழம்பு போயிற்று. பதிலுக்குத் தங்கக் காகிதம் சுற்றிய சாக்லேட், திண்டுக்கல் வெயிலில் உருகிக் குழம்பாகவே வந்தது. நாங்கள் விரலால் வழித்துத் தின்றோம். ஆட்டுக்கால் சூப்புக்கு ஒரு ஜாம் புட்டி. நெய்ச்சோற்றுக்குப் பூப்போட்ட கைக்குட்டை. மண்ணெண்ணெய் அடுப்பில் தகரப்பெட்டியை வைத்து அவளே சுட்ட ரொட்டி ஒருமுறை வந்தது. அதைத் தேநீரில் நனைத்தோம், ஊறவைத்தோம், கடைசியில் மாமி அதை அம்மியில் வைத்து உடைத்தார். பிறகு பீங்கான் நாய்க்குட்டி ஒன்று வந்தது. அம்மா அதைக் கண்ணாடி பீரோவில் வைத்தாள். வருகிற போகிற பெண்களுக்கெல்லாம் பீரோவைத் திறந்து காட்டுவது என் வேலை. ஜெர்மனிச் சாமான், தொடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

ஒருநாள் குழம்புக் கிண்ணத்தில் ஒரே ஒரு தேக்கரண்டி வந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தவறி விழுந்ததோ என்று கேட்டுவரச் சொன்னாள். கேட்டேன். "குட் திங்," என்றாள் மாடியம்மா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

அதன் பிறகு பாத்திரங்கள் வருவது நின்றுவிட்டது. போனது போனதுதான். அம்மா ஒருநாள் பொறுத்தாள், இரண்டு நாள் பொறுத்தாள். அனுப்புவதை நிறுத்தவும் மனமில்லை. நிறுத்தினால் கோபம் என்று நினைத்துக்கொள்வாளே. கிண்ணம், தூக்குச்சட்டி, மூடி போட்ட வட்டா என்று ஒவ்வொன்றாக மாடிக்குப் போயின. கடைசியில் சோற்றுக்கு வெஞ்சனம் எடுத்து வைக்கக் கீழே பாத்திரம் இல்லை. மாமி தொடையைத் தட்டிக்கொண்டு சொன்னார், இப்படியே போனால் அண்டாவும் ஏறிப்போகும் என்று. நான் போய்க் கதவைத் தட்டினால் மாடியம்மா அரைக் கதவு திறந்து வாங்கிக்கொள்வாள். கண் சிவந்திருக்கும். சளி பிடித்திருக்கிறது என்று வந்து சொன்னேன்.

அந்த வாரமே இடி விழுந்தது. துரையும் ஷாப்புக் கணக்குப்பிள்ளையும் அத்தாவைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். கணக்குப்பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியும். முன்னறையில் ஆண்கள், திரைக்குப் பின்னால் அம்மா, மாமி, நான். மாடியம்மா ஊருக்குப் போயே தீருவேன் என்கிறாள், பெட்டியைக் கட்டிவிட்டாள், அவளைத் தனியாக அனுப்ப முடியாது, தானும் போகவேண்டியதுதான் என்றார் துரை. மிஷின் பாதி பூட்டிய நிலையில் சாக்கு விரிப்பில் கிடந்தது. அத்தா கெஞ்சாத குறையாகப் பேசினார். அத்தா அப்படிப் பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை. தண்ணீரா, சாப்பாடா, தெருப் பிள்ளைகளா, யாராவது மரியாதை இல்லாமல் நடந்துகொண்டார்களா, என்ன குறை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

கணக்குப்பிள்ளை துரையிடம் கேட்டுக்கொண்டு சொன்னார். "அப்படி எந்தக் குறையும் இல்லையாம், முதலாளி. உங்க வீட்டு அம்மா தங்கமானவங்களாம். குடுக்கறதுக்குத்தான் அவங்ககிட்ட இனிமே ஒண்ணும் இல்லையாம். கொண்டாந்ததெல்லாம் தீர்ந்துபோச்சுன்னு ராப்பகலா அழுகிறாங்களாம்."

முன்னறையில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. திரைக்குப் பின்னால் அம்மா மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"ஏ புள்ள, அன்னிக்கு அவகிட்ட என்ன சொன்ன?"

பெருமையோடு அப்படியே ஒப்பித்தேன். சிட்டிகையை என்ன செய்தாய் என்று கேட்டாள். விட்டுவிட்டேன் என்றேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். மாமிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

துரை ஷாப்புக்குத் திரும்பிப் போன பிறகு அம்மா வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்தினாள். வெளியே குதிரை வண்டியில் போகும்போது போர்த்துகிற துப்பட்டி. எங்கே என்று மாமி கேட்டார். மாடிக்கு என்றாள். கோஷாப் பெண் அந்த மாடிக்குப் போகலாமா, என் தம்பி வந்தால் நான் என்ன சொல்ல என்று மாமி தொடங்கினார். "நம்ம வீட்டுக்கு வந்த பொம்பளை அழுதுக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும் அக்கா? செத்த நேரத்துல வந்துருவேன்," என்று சொல்லிவிட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு படி ஏறினாள். மாமியின் பேச்சைத் தாண்டி அம்மா ஒரு காரியம் செய்து நான் பார்த்தது அன்றுதான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

மாடியில் பெட்டிகள் கட்டியபடி இருந்தன. மேசையில் எங்கள் பாத்திரங்கள் எல்லாம் துலக்கி, சின்னது முதல் பெரியதுவரை வரிசையாக நின்றன. எல்லாம் காலி. எல்லாவற்றிலும் சின்னக் கிண்ணத்தில் மட்டும் ஒரு புகைப்படம் இருந்தது. கையகலச் சட்டத்துக்குள் ஒரு வயதான பெண், மாடியம்மாவைப்போலவே தலையைச் சாய்த்துக்கொண்டு. அவளுடைய தாய் என்று கேட்காமலே தெரிந்தது. கிண்ணத்தில் வைத்துவிட்டாளே தவிர, கொடுத்தனுப்பக் கை வரவில்லை.

அம்மா அந்தப் படத்தை எடுத்தாள். துப்பட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்து, மாடியம்மாவின் கையில் வைத்து, அவள் விரல்களை மடக்கிவிட்டாள். பிறகு அலமாரியில் இருந்த சீனி டப்பாவைத் தானே எடுத்துத் திறந்தாள். ஒரு சிட்டிகை எடுத்து, மாடியம்மாவின் கண்ணுக்கு நேரே காட்டி, இருந்ததிலேயே பெரிய சட்டியில் போட்டாள்.

"இம்புட்டுத்தான் தாயி. இம்புட்டுப் போதும்."

மாடியம்மா சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அந்தப் பெரிய சட்டியின் அடியில் கிடந்த சீனியைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாளே, அந்தப் பார்வையை மறக்க முடியாது. திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு எப்போது அழுகையாக மாறிற்று என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். கொஞ்சம் அடங்கியதும் அம்மா என்னிடம் திரும்பி, மெதுவாகச் சொன்னாள்.

"அவகிட்டச் சொல்லு. எனக்கும் இது அசலூருதான். கட்டிக்கிட்டு வந்த புதுசுல, கொண்டாந்ததெல்லாம் தீருற வரைக்கும் நானும் இந்த வீட்டுல குடுத்துக்கிட்டேதான் இருந்தேன். இனிமே ஒண்ணும் இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அவளுக்கு வந்துச்சு. நல்ல பொண்ணு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா பிறந்தது உத்தமபாளையம். வத்தலக்குண்டில் இறங்கி, தேநீர் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிப் போகிற தூரம். திண்டுக்கல் அவளுக்கு எப்படி அசலூர் ஆகும்? அதுவும் நம் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வெளிநாட்டுக்காரியிடம், இது என் ஊர் இல்லை என்று சொன்னால் நம் வீட்டு மானம் என்னாவது? ஒரு முதலாளி வீட்டுப் பெண்ணாக நான் யோசித்தேன். யோசித்து, அம்மாவின் பிழையைத் திருத்திச் சொன்னேன்: "மை மதர் டவுன் திண்டுக்கல். வெரி ஹாப்பி. ஆல்வேஸ் ஹாப்பி."

நான் வாயைத் திறக்கும்முன்பே மாடியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா பேசும்போது அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. நான் பேசிய பிறகும் பார்க்கவில்லை. 

கட்டிய பெட்டிகள் அவிழ்ந்தன. மிஷின் பூட்டி முடிந்து, ஆள்கள் அதில் கை பழகி, அதன் சத்தம் எங்கள் தெருவரைக்கும் கேட்கத் தொடங்கிய பிறகும் அவர்கள் பல மாதம் இருந்தார்கள். மிஷினில் செதுக்கிய முதல் தோலை அத்தா தோளில் போட்டுக்கொண்டு தெரு வழியாக நடந்தே வந்தார். என் இங்கிலீஷ்தான் அந்த மிஷினைத் திண்டுக்கல்லில் நிறுத்தியது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன். நம்பாதவர்களை அழைத்து வந்து கண்ணாடி பீரோவைக் காட்டினேன்.

ஆனால் அம்மா மாடி ஏறிய அன்றைய மத்தியானத்தைச் சொல்ல வேண்டும். பாத்திரங்களை அடுக்கித் தூக்கிக்கொண்டு அம்மா நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள். மாடியில் என்ன நடந்தது என்று மாமி என்னைப் பிடித்துக்கொண்டார். என் சாமர்த்தியத்தைச் சொல்ல எனக்கும் ஆள் வேண்டியிருந்தது. அம்மா தப்பாக ஏதேதோ சொன்னாள், நான்தான் மாற்றிச் சொல்லி மானத்தைக் காப்பாற்றினேன் என்றேன். என்ன சொன்னாள் என்று கேட்டார். அம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். மாமி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். உலக்கை நின்றது. என்னைப் பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

சாயந்தரம் தேநீர் வேளையில் மாமி கட்டிலில் உட்கார்ந்து குரல் கொடுப்பதும், அம்மா கொண்டுவந்து நீட்டுவதும்தான் வழக்கம். அன்று குரல் வரவில்லை. அடுப்படியில் மாமியே தேநீர் போட்டு, தம்ளரின் சூடு தாங்காமல் முந்தானையால் பிடித்துக்கொண்டு, முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கொண்டுவந்தார். அம்மா பதறி எழுந்தாள். மாமி அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"இரு. குடி மொதல்ல."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மாமிக்கு என்மேலோ அம்மாமேலோ கோபம் என்றுதான் நினைத்தேன். அம்மா இரண்டு மடக்குக் குடித்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கித் தம்ளருக்குள் விழுந்தது. மாமிக்குத் தேநீர் போட்டுப் பழக்கமில்லை, மோசமாக இருக்கும்போல என்று எனக்கு அம்மாமேல் பரிதாபம் வந்தது. மிச்சத்தை நானே வாங்கிக் குடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.